அசெம்பிள் எழுத மறுத்த ஜாதகம்

செஞ்சி முழுக்கத் தேடினாலும் பொய் சொல்லத் தெரியாத வியாபாரி ஒருவர்தான் கிடைப்பார். அவர் கடையில் கூட்டம் இருக்காது. காரணம் அதுதான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடை போர்டில் 'இங்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரப்படும்' என்று எழுதியிருந்ததாம். வெயிலிலும் மழையிலும் மற்ற எழுத்தெல்லாம் உரிந்து, 'அசெம்பிள்' மட்டும் மிச்சம் நின்றது. ஊரும் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி "அசெம்பிள் கடை" என்றால் பூக்காரம்மாகூடக் கை காட்டும். உரக்கடைக்கு மேல் மாடி. படி ஏறும்போதே உரநெடி மூக்கைப் பிடிக்கும். மேலே போனால் ஐம்பது வயது மனிதர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருப்பார்.

சென்னையிலும் கோயமுத்தூரிலும் பெரிய ஆபீஸ்கள் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை வாங்கி வந்து, துடைத்து, கெட்டுப்போனதை மாற்றி, காலேஜ் பிள்ளைகளுக்கு விற்பது அவர் தொழில். மற்ற கடைக்காரர்கள் இதை 'ரீபர்பிஷ்டு' என்று நாக்கைச் சுழற்றிச் சொல்வார்கள். இவர் 'பழசு' என்பார்.

ஒருநாள் நான் கீபோர்டு வாங்கப் போயிருந்தபோது, மண்டகப்பட்டிலிருந்து ஒருவர் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்தார். கையில் பணத்தோடு வந்த மனிதர். பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்லா ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும். ஆனா இதோட மதர்போர்டு ஒரு தடவ செத்துப் பொழச்சது."

"செத்துப் பொழச்சதா?"

"கெபாசிட்டர் வெடிச்சிட்ச்சு. நான்தான் மாத்தினேன். ரேம் ஒரு ஸ்கூல்ல இருந்து வந்தது. புள்ளைங்க கை பட்டது, கொஞ்சம் ஒதறும். ஃபேன் மட்டும் தங்கம். அது ஒரு கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்தது. அங்க வேலையே நடக்கல, அதனால தேயவே இல்ல."

வந்தவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "எனக்கு உரக்கடையில ஒரு வேல இருக்குது, முடிச்சிட்டு வரேன்" என்று கீழே போனார். வரவே இல்லை.

"ஏண்ணா, எல்லாத்தையும் இப்டி ஒப்பிச்சா எவன் வாங்குவான்?" என்று கேட்டேன்.

"சொல்லாம வித்தா நாளிக்கு வந்து சண்ட போடுவாரு. இப்ப வர மாட்டாரு பாரு. நிம்மதி."

கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடக் கூடாது என்பது ஊரில் எழுதாத சட்டம். ஒரு மண்டபத்தில் சீர்வரிசை அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டில், பீரோ, பித்தளை அண்டா, நடுவில் ஃபிரிட்ஜ். மாப்பிள்ளைக்குப் போட்டதைவிடப் பெரிய மாலை ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்தார்களாம். எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் பின்னால் குனிந்து பார்த்தார். "கம்ப்ரசர் மாத்தியிருக்குது. வெல்டிங் புதுசு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார். அது மாப்பிள்ளையின் சித்தப்பா காதில் விழுந்து ரகளையாகி, முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் தாலி ஏறியது. பெண்ணின் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது இவர் சொன்ன சமாதானம்: "நான் கொற சொல்லலீங்க. மாத்தினது நல்ல கம்ப்ரசர்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

அதிலிருந்து யாரும் அவருக்குப் பத்திரிகை வைப்பதில்லை. கல்யாணச் சாப்பாட்டை மட்டும் கேரியரில் கட்டிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மண்டபத்துப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து அவர் எழுதும் ஜாதகம். அவர் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடிக்கு உள்ளே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். பால்பாயிண்ட் பேனாவால் பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு பாகம். அது எந்த ஊரில் எந்த ஆபீஸில் இருந்தது, என்ன சீக்கு வந்தது, யார் வைத்தியம் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கும். முதல் கட்டத்தில் பிராசசர். எட்டாம் கட்டத்தில் எப்போதும் கரண்ட் சப்ளை கொடுக்கும் பெட்டி. "எட்டாமிடம் ஆயுளு. அது பூட்ச்சுன்னா மத்ததெல்லாம் இருந்து இன்னா பண்றது?" என்பார். விழுப்புரத்து மெக்கானிக்குகள் அவருடைய மெஷினைத் திறந்தால் முதலில் அந்தத் தாளைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். பிறகு அதைப் பார்த்துத்தான் ரிப்பேர் செய்வார்களாம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எனக்கு அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் இரண்டு வருஷம் போன் ஆப் எழுதும் வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஊருக்கு வந்து ஏழு மாசம் ஆனது. ஏழு மாசம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். பல் தேய்த்துக்கொண்டு போகிறவன்கூட நின்று, "இன்னாமா, ஏதாவது கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் வாயில் இருக்கும் வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறியத் தோன்றும்.

அப்போது ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. வீட்டில் இருந்தே ஐபோன் ஆப் எழுதும் வேலை. எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு அந்த மேடம் கடைசியாக, "சொந்தமா மேக் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்குது மேடம்" என்றேன்.

இல்லை. ஐபோனுக்கு ஆப் எழுத மேக் கம்ப்யூட்டர் வேண்டும், வேறு கம்ப்யூட்டரில் அதற்கான மென்பொருள் ஓடாது. எங்கள் வீட்டில் மேக் வாங்குவது என்பது கனவில்கூட வராத சமாச்சாரம். பழைய ஆபீஸில் அவர்கள் கொடுத்ததில் வேலை செய்தேன். வேலை போனபோது அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் போன் அங்கேயே முடிந்திருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து வீடியோவில் வரவேண்டும், மேனேஜர் முன்னால் ஒரு சின்ன ஆப்பை என் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். அவர் சொன்ன தேதி அமாவாசை. அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை அசெம்பிள் கடையில் நின்றேன்.

"ண்ணா, பழைய மேக் ஏதாவது இருக்குதா?"

"இல்ல. அது செஞ்சிக்கு வராது. வந்தாலும் தொறக்க முடியாது. இன்னாத்துக்கு?"

வேலையைப் பற்றிச் சொன்னேன். பொய் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் எழுந்து மூலையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைத் தட்டினார். ஆபீஸ் மேஜைக்கு அடியில் கிடக்கும் சின்ன சைஸ் கம்ப்யூட்டர்.

"மேக்குக்குள்ள இன்னா பிராசசர் வெக்கிறானோ, அதேதான் இதுலயும் இருக்குது. எட்டாம் தலைமுறை. வெளிய போட்டுகினு இருக்கற சட்டதான் வேற. இதுல மேக் சிஸ்டத்த ஏத்தி ஓட்டலாம். ஹேக்கிண்டாஷ்னு பேரு."

"நீங்க செஞ்சிருக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"செஞ்சிருந்தா இவ்ளோ சந்தோஷமாவா சொல்லுவேன்?"

தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். வேலை இதுதான். ஒரு பென் டிரைவில் மேக் சிஸ்டத்தை எடுத்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் எழுந்ததும் அதற்கு முன்னால் ஓட பூட் லோடர் என்று ஒரு சின்ன நிரல். அதோடு, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் மேக் சிஸ்டத்துக்கு அறிமுகப்படுத்தி வைக்கச் சில கோப்புகள். திரைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று. எங்கேயாவது ஒரு எழுத்துத் தப்பினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கடகடவென்று ஓடி, ஒரு வரியில் நின்றுவிடும். அசையாது. அசெம்பிள் அந்த வரியைச் சத்தமாகப் படிப்பார். இழவு வீட்டில் உறவுமுறை சொல்கிற மாதிரி நிதானமாகப் படிப்பார். பிறகு பேனாவால் எழுதிக்கொள்வார். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்வார். மறுபடி முதலிலிருந்து.

"ரெண்டு மூணா மாத்துங்கண்ணா. நாள் போவுது" என்று கத்தினேன்.

"ரெண்டு மாத்தர ஒண்ணா முழுங்கினா எது கேட்ச்சுதுன்னு எப்டித் தெரியும்?"

மூன்றாம் நாள் திரை வந்தது, மவுஸ் வரவில்லை. நான்காம் நாள் மவுஸ் வந்தது, கீபோர்டு செத்தது. பின்னால் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகி, எந்தத் துளைக்கு உயிர் இருக்கிறது என்று மார்க்கரால் புள்ளி வைத்தார். ஆறாம் நாள் எல்லாம் கூடிவந்து சிஸ்டம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் என்று காட்டியபோது கரண்ட் போனது. நான் கரண்ட் ஆபீஸைத் தலைமுறையோடு திட்டினேன். அசெம்பிள் மின்விசிறி நிற்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது நின்றபிறகு, "மொதல்ல இருந்து" என்றார். அவ்வளவுதான்.

"ஒங்களுக்குக் கோவமே வராதாண்ணா?"

"மெஷின் மேலயா? அதுக்குத் தெரியாத ஊருல கொண்டாந்து உட்டிருக்கறோம். வழி தெரியாம நிக்குது. அத்த போயித் திட்டுவாங்களா?"

ஒன்பதாம் நாள் சிஸ்டம் முழுசாக வந்துவிட்டது. திரையும் நெட்டும் சரியாக இருந்தன. சத்தம் மட்டும் தகர டப்பாவில் பேசுவது போல வந்தது. ஆப் எழுதும் மென்பொருளை இறக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குக் கணக்கில் நுழைய வேண்டும். அங்கேதான் சிக்கியது.

அதுவரை மாதிரிக் கோப்பில் இருந்த வெற்று எண்ணை வைத்தே ஓட்டிவிட்டோம். கணக்கில் நுழைய அது போதவில்லை. இது இன்ன வருஷத்து, இன்ன மாடல் மேக், இதன் சீரியல் நம்பர் இது என்று கோப்பில் எழுதித் தர வேண்டும். அசெம்பிள் வழிமுறையை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது இன்னாது?"

"சீரியல் நம்பர்ண்ணா. அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்குது. ஓட்டுனா அதுவே ஒண்ணு உண்டாக்கிக் குடுக்கும். எடுத்துப் போடணும்."

"யாரோட நம்பரு?"

"யாரோடதும் இல்ல."

"அப்ப பொய்யி."

"ஆமா."

"இது எங்க வேல செஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். கோயமுத்தூர்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸு. ஜன்னலோரம் இருந்திருக்குது, ஒரு பக்கம் வெயில்ல வெளுத்துக் கெடக்குது பாரு. இப்ப இது, நான் அமெரிக்காக்காரன்னு சொல்லணுமா?"

"சொன்னாத்தான் உள்ள உடுவாங்க."

"உடலன்னா போவட்டும். பொய் ஜாதகம் எழுத மாட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒன்பது நாள். இன்னும் மூன்று நாளில் அமாவாசை. கையில் இருந்த மார்க்கரை மேஜையில் எறிந்தேன்.

"போவட்டும்னு சொல்ல ஒங்களுக்கு ஈசியா இருக்குது. கட ஒங்களுது. நான் எங்கண்ணா போறது? மேக் இருக்குதுன்னு பொய் சொல்லித்தான் இந்த அளவுக்கு வந்தேன். இந்த ஒரு பொய்தானா சொல்லியிருக்கறேன்? சென்னையில ஹாஸ்டல்ல ரூம் கேட்டப்ப, ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டாங்க. காலனின்னேன். ரூம் இல்லன்னாங்க. ரெண்டாவது எடத்துலயும் காலனின்னேன். அங்கயும் இல்ல. மூணாவது எடத்துல பெருமாள் கோயில் தெருன்னேன். ஒடனே சாவி குடுத்தாங்க. ரெண்டு வருஷம் அந்தப் பொய் மேலதான் படுத்துத் தூங்கினேன். இந்த டப்பா ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. நைனாவிடம் சொல்லியிருந்தால் படிக்க வைத்ததற்கு வருத்தப்பட்டிருப்பார்.

அசெம்பிள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவில் போட்டார். திரும்ப எடுத்தார். திரும்பப் போட்டார்.

"சாப்டியா?"

"இல்ல."

"நான் கீழ போயி டீ சாப்ட்டு வரேன். பத்து நிமிஷம் ஆவும். நீ இன்னா டைப் பண்ணணுமோ பண்ணிக்க. என் கையால வோணாம். ஆனா ஒண்ணு."

"இன்னா?"

"மெஷினு மெஷினாண்ட பொய் சொல்லட்டும். மனுஷன் வந்து கேட்டா நீ உண்மைய சொல்லிடணும்."

"சரிண்ணா" என்றேன். அவரைக் கீழே அனுப்புவதற்காகச் சொன்ன சரி அது. அதுவும் பொய்தான்.

டைப் செய்தேன். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. கணக்கு திறந்துகொண்டது. பத்து நிமிஷ டீயைக் குடிக்க அசெம்பிளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு தாளை எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதி, மூடிக்கு உள்ளே ஒட்டினார். இன்னொரு தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி, பெட்டியின் நெற்றியிலேயே ஒட்டினார். 'இது மேக் இல்லை. மேக் போல ஓட வைத்தது. உண்மை விவரம் உள்ளே.' டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓடு போட்டு எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. அவர் அந்தப் பக்கம் போனதும் கிழிக்கப் பார்த்தேன். சைக்கிள் டியூபுக்கு பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் போட்டு ஒட்டியிருந்தார். நகம்தான் போனது.

அமாவாசை வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கம் எல்லாப் பாதையும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத்தான் போகும். வீட்டில் போன் சிக்னல் சரியாக இருக்காது என்று கடையிலேயே உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மேனேஜர் வீடியோவில் வந்தார். சென்னைக்காரர், தமிழ்தான் பேசினார். கீழே ஸ்பெஷல் பஸ் கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மலையனூர், மலையனூர், மலையனூர், ஏறு ஏறு ஏறு."

"பின்னாடி ஏதாவது ஏலம் நடக்குதாம்மா?" என்று கேட்டார் மேனேஜர்.

"அமாவாசை சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

சின்ன ஆப் ஒன்றை அங்கேயே எழுதி ஓட்டிக் காட்டினேன். திக்காமல் ஓடியது. இரண்டு மாற்றம் சொன்னார். செய்தேன். அதுவும் ஓடியது. அவருக்குத் திருப்தி. முகத்திலேயே தெரிந்தது. கிளம்பும் நேரத்தில் சும்மா பேச்சுக்கு, "வேகமா இருக்கே. எந்த வருஷத்து மேக்?" என்று கேட்டார்.

ஒரு வருஷத்தைச் சொன்னால் முடிந்தது. அந்த வருஷம் என்ன என்று கம்ப்யூட்டரே திரையில் காட்டும். எனக்குப் பின்னால் அசெம்பிள் ரேமின் பல்லை அழி ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. இந்த மனிதருக்காக நான் ஏன் உண்மை சொல்ல வேண்டும் என்று கோபமாக வந்தது. அவருக்காக இல்லை. 'பெருமாள் கோயில் தெரு' என்று சொல்லும்போது என் வாய் எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அதே மாதிரி கோணிக்கொண்டு வந்தது. அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சார், இது மேக் இல்ல. ஒரு ஆபீஸ்ல கழிச்ச பழைய கம்ப்யூட்டர். அதுல மேக் சிஸ்டத்தை ஏத்தியிருக்கோம். மேக் இருக்குதுன்னு மேடம்கிட்ட நான் சொன்னது பொய்."

மேனேஜர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கீழே மலையனூர் மட்டும் கேட்டது.

"அந்த சிஸ்டத்தை வேற மெஷின்ல போடக் கூடாதுன்னு அவங்க விதியிலேயே இருக்கும்மா. கம்பெனி வேலையை இதுல செய்ய விட முடியாது. அதை விடுங்க. வேலைக்கு எடுக்கும்போதே பொய் சொல்லியிருக்கீங்க. நான் யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்."

திரை அணைந்தது. நான் திரும்பினேன்.

"சந்தோஷமாண்ணா?"

"இல்ல" என்றார் அசெம்பிள்.

"வேல பூட்ச்சு."

"அவரு கேட்டாரு. நீ சொன்ன."

"ஒரு தடவ வாய மூடிகினு இருந்திருந்தா இன்னேரம் நான் வேலையில இருப்பேன். ஒங்க கடையில ஈ ஓட்டறது பத்தாதுன்னு என்னையும் கூட ஓட்டச் சொல்றீங்க."

அவர் ரேமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் படியிறங்கிவிட்டேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நின்றுகொண்டே போனேன். பக்கத்தில் நின்ற அம்மாள் கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். ஒன்று கொடுத்திருந்தால் அசெம்பிள் தலையை மூன்று சுற்றுச் சுற்றி நடு ரோட்டில் போட்டு மிதித்திருப்பேன்.

நான்கு நாள் செஞ்சிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். ஐபோன் வேலைக்கு என்னை எடுக்க முடியாது. வேறு போன்களுக்கு ஆப் எழுதும் குழுவில் ஒருவர் விலகியிருக்கிறார். அங்கே மூன்று மாசம் பார்க்கலாம். கீழ்ப் பதவிதான், சம்மதமா என்றார். சம்மதம் என்றேன்.

"அதுக்கு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். உங்ககிட்ட இருக்கறது என்னன்னு இந்தத் தடவையாவது உண்மையா சொல்லுங்க."

"சொல்றேன் சார். பிராசசர் எட்டாம் தலைமுறை, கோயமுத்தூர் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தது. ரேம் ரெண்டு. ஒண்ணு அதோட பொறந்தது, இன்னொண்ணு பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில இருந்து வந்தது. ஃபேன் மாத்தினது சார். பவர் சப்ளையில ஒரு தடவ பியூஸ் போயி, அதை..."

"போதும்மா. போதும்."

அன்றைக்கே அசெம்பிளுக்குப் போன் போட்டு, புது வேலையைப் பற்றி மட்டும் சொன்னேன். மறுநாள் கடைக்குப் போனேன். அசெம்பிள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி மேஜையில் திறந்து கிடந்தது. உள்ளே புதிதாக ஒரு டிஸ்க் சேர்த்திருந்தார்.

"இது வேலைக்கு. இதுல ஒரு பொய்யும் இல்ல. அந்த மேக் டிஸ்க்க வெளிய எடுக்கல. நீ கத்துக்கறதுக்கு இருக்கட்டும். அதுல இருக்கற பொய்ய நீதான் பாத்துக்கணும்."

எங்கள் ஊருக்கு நல்ல நெட் வரும்வரை அவர் கடையின் மூலையிலேயே உட்கார்ந்து வேலை செய்தேன். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் 'உரக்கடையில் ஒரு வேலை இருக்குது' என்று இறங்கி ஓடினார்கள் என்று கணக்கு இல்லை. உரக்கடைக்காரரே ஒருநாள் மேலே வந்து, "ஒன்னால எனக்கு யாவாரம் ஆவும்னு பாத்தா, எவனும் எங்கிட்டயும் நிக்க மாட்டேங்கறான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். அசெம்பிள் அவரிடம், "ஒன் தராசு நாலு கிராம் தள்ளுது" என்றார். அன்றோடு அவரும் மேலே வருவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த வருஷம் கம்பெனியில் என்னை ஐபோன் வேலைக்கு மாற்றினார்கள். நிஜமான மேக் ஒன்றைக் கூரியரில் அனுப்பினார்கள். கூரியர்க்காரன் வழக்கம்போல மெயின் ரோட்டில் நின்று போன் செய்தான். உள்ளே ரோடு சரியில்லை என்றான். உள்ளே சிமெண்ட் ரோடு. அவன் ஒருநாளும் காலனிக்குள் வண்டியை விட்டதில்லை. நான் நடந்து போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம். அசெம்பிள். துடைத்துத் தரக் கொடுத்திருந்த என்னுடைய கறுப்புப் பெட்டியைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார்.

"எர்த் இல்ல. இந்த வீட்டுக்கு ஒயரிங் பண்ணவன் யாரு? அவன் வேற தொழிலு பாத்திருக்கலாம்."

பிறகு மேக்கைக் கையில் எடுத்தார். திருப்பினார். கவிழ்த்தார். காதில் வைத்து ஆட்டினார்.

"எப்டித் தொறக்கறது?"

"தொறக்க முடியாதுண்ணா. உள்ள எல்லாத்தையும் ஒட்டியிருக்கறாங்க."

"எல்லாம் ஒரே எடத்துல செஞ்சதா?"

"ஆமா."

"பாவம்" என்றார். சட்டைப் பையில் பன்னிரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்று தயாராக வைத்திருந்தார். அதை மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அம்மா சொம்பில் தண்ணீரோடு கதவோரம் நின்றாள். நீட்டுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் வெளியாள்கள் எல்லோரும் 'இப்போதுதான் தண்ணீர் குடித்தோம்' என்கிறவர்களாகவே இருப்பார்கள். அசெம்பிள் கை நீட்டி வாங்கிச் சொம்பைக் காலி செய்தார்.

"உள்ள மிக்ஸி ஓடுச்சே, அது கப்ளர் டூப்ளிகேட். சத்தத்துலயே தெரியுது. யாரு வித்தது?"

அம்மா கடையைச் சொன்னாள்.

"ஏமாத்திட்டான்" என்றார். "கருவாட்டுக் கொழம்பா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டை எடுத்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கிப் பிசைந்தவர், ஒரு வாய் போட்டுவிட்டு நிறுத்தினார்.

"அரிசி ரெண்டு தினுசு. பாதி ரேஷனு, பாதி கட அரிசி. கொழம்பு சுத்தம்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். அழுகிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எர்த் ஒயர் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நேற்றே அம்மா கருவாடு வாங்கி வைத்துவிட்டாள். இந்தத் தடவை அரிசியில் ஒன்றும் கலக்க மாட்டேன் என்கிறாள். நான் கலந்துதான் ஆக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எங்கள் முகத்துக்கு நேராக எங்களைக் குறை சொல்ல அந்த ஒரு ஆள்தான் இருக்கிறார்.